சைட்டா, எம்.இ.யா?

கேள்வி: பையன் கோவை ஜி.சி.டி.யில் (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) சிவில் இறுதியாண்டு. பின்னாளில் பொறியியல் கல்லூரி டீன் ஆக வேண்டுமாம். முதலில் கட்டுமான சைட் வேலையா, நேராக எம்.இ. மேற்படிப்பா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டு வருடம் சைட்டுக்கு அனுப்புங்கள். 150 மி.மீ. கான்கிரீட் க்யூபை 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் உடைத்து, அது தாங்கிய லோடு ஏன் குறைந்தது என்று காரணம் தேடியவர் நடத்தும் கான்கிரீட் பாடமே வேறு. அந்த அனுபவம் பின்னால் ஆசிரியர் பதவிக்கான அனுபவக் கணக்கிலும் சேரும். நியமனக் கடிதம், பி.எஃப். விவரம், விடுவிப்புச் சான்று மூன்றும் பத்திரம். பலருக்கு இடறுவது இங்கேதான். எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வை இப்போதே எழுதட்டும். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும்; எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை.

அடுத்து பிஎச்.டி. முடிக்கட்டும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2019 விதிப்படி பேராசிரியருக்கு 10 ஆண்டு அனுபவம், அதில் 3 ஆண்டு இணைப் பேராசிரியர் நிலையில். கல்லூரி முதல்வருக்கு 15 ஆண்டு அனுபவம், மாணவர்களுக்கு வழிகாட்டி முடித்த 2 பிஎச்.டி., 8 ஆய்வுக் கட்டுரை. காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சேற்றும் இதழ்களை நம்ப வேண்டாம். டீன் விதி பல்கலைக்குப் பல்கலை மாறும். நாற்காலியில் உட்கார்ந்தபின் பாதி வேலை அங்கீகாரக் கோப்புகள்தான், அதையும் பையனிடம் சொல்லிவையுங்கள்.