மளிகைக் கடையும் அழைப்பும்: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பையன்கள் வேலைக்கு இருக்கிறார்கள். வாலிப வயதில் முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். அப்பா தவறிவிட்டதால் கடையை ஏற்க வேண்டியதாயிற்று. ஞாயிறு ஆராதனையோ உபவாச ஜெபமோ தவறவிடுவதில்லை. ஆனாலும் பருப்பும் சீனியும் நிறுத்தே ஆயுசு போகிறதே, அழைப்பு வீணாகிவிட்டதோ என்று மனம் உறுத்துகிறது. கல்லாவுக்கு மேல் பெரிய வசனப் பலகை மாட்டலாமா? பொட்டலத்தோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா? அன்றாடம் அழைப்பின்படி வாழ்வது எப்படி?

பதில்: சகோதரரே, நம் சபைகளில் 'அழைப்பு' என்றாலே வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போவது என்று ஆகிவிட்டது. கன்வென்ஷன் மேடையில் அப்படிப் பிரசங்கித்தவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நீங்கள் கேட்ட இதே கேள்வியை யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிப்பவர்களும் போர்ச்சேவகர்களும் கேட்டார்கள் (லூக்கா 3). "வேலையை விட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள்" என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே, ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்றிரு. அவ்வளவுதான். 1 கொரிந்தியர் 7:20இல் பவுலும், அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கச் சொல்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான், துறவிகளுக்கும் குருமாருக்கும் என்றிருந்த 'அழைப்பு' சாதாரண வேலைக்காரருக்கும் உண்டு என்று வாதாடினார். அவர் கையாண்ட 'பெரூஃப்' என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் இன்று தொழில் என்றே பொருள். (இந்த வசனத்தைக் காட்டி, "உன் இடத்திலேயே கிட" என்று ஏழைகளை அடக்கியவர்களும் உண்டு. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: விடுதலையாகக் கூடுமானால் அதை நாடு என்று அடிமைக்குப் பவுல் சொல்கிறார்.)

சரி, கடைக்கு வருவோம். நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் தராசைப் பாருங்கள். தட்டு காலியாக இருக்கும்போது எண் பூஜ்யத்தில் நிற்கிறதா? மேலே ஃபேன் ஓடினால் எண் துள்ளும். நிறுக்கிற நேரம் அதை நிறுத்திவிடுங்கள். முந்திரியை டப்பாவோடு வைத்து நிறுக்கிறீர்களா, அல்லது காலி டப்பாவை வைத்து, டேர் பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வந்த பிறகு போடுகிறீர்களா? டப்பா 8 கிராம்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 120 பேருக்கு 8 கிராம் குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்கு நீங்கள் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசை அருவருப்பு என்கிறது. கர்த்தருக்குப் பிரியமானது எது என்று சொல்லும்போது நம் தமிழ் வேதாகமம் போடும் சொல் 'சுமுத்திரையான நிறைகல்'. ஒழுங்காக முத்திரை குத்திய கல். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. இன்றும் தொழிலாளர் துறையில் தராசைக் காட்டி வாங்குவதற்குப் பெயர் முத்திரைதான். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். உங்களுடையதில் கடைசியாக எப்போது போட்டது?

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. ஞாயிறு ஆராதனையை விடுவதில்லை என்கிறீர்கள். அந்த நேரத்தில் கடையில் யார் நிற்கிறார்? பூட்டியிருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை. பையன்களை நிறுத்திவிட்டு வந்தால், யாத்திராகமம் 20:10ஐ முழுதாக வாசியுங்கள். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் வருகிறார்கள், மிருகஜீவனும் வருகிறது, வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் வருகிறான். பையன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனாக இருந்தாலும் ஓய்வு அவனுக்கும் உரியது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டமும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் 2021இல் தமிழ்நாட்டில் ஒரு திருத்தம் வந்தது: கடையில் வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும். கடைக்குள் எத்தனை ஸ்டூல் இருக்கிறது? கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற உங்கள் நாற்காலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு "நாளைக்கு வா" என்பதை நீதிமொழிகள் 3:28 கண்டிக்கிறது. கூலி விடியும் மட்டும் உன்னிடம் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். தேதி முடிந்த பிஸ்கட்டைச் சின்னப் பிள்ளைகள் கையில் தள்ளிவிடாதீர்கள். கடன் நோட்டில் பாக்கி உள்ளவரை நாலு பேர் முன்னால் அதட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சபைக்காரருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை கூடாது. பீடி சிகரெட் விற்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாக் கடைக்காரரும் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பது சட்டப்படியே குற்றம். மற்றவருக்கும் விற்காமல் விடுங்கள் என்பேன். வருமானம் குறையும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஜெபம்? ஷட்டரைத் தூக்குமுன் ஒரு நிமிஷம் போதும். அன்றைக்கு வரப்போகிற இரண்டு மூன்று பேரைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்கள் வந்து நிற்கும்போது, போனைப் பார்த்துக்கொண்டே சில்லறை எண்ணிக் கொடுக்க உங்களுக்கே மனம் வராது.

கைப்பிரதி விஷயத்தில் என் அபிப்பிராயம் வேறு. பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். மீதிச் சில்லறைக்குக் கை நீட்டி நிற்கிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அப்படி மறுக்க முடியாத நேரம் பார்த்துக் கொடுப்பது நியாயம் இல்லை. யாராவது தானாக, "அண்ணாச்சி, நீங்க மட்டும் ஏன் ஃபேனை நிறுத்திட்டு நிறுக்கிறீங்க?" என்று கேட்டால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள்.

வசனப் பலகையைத் தாராளமாக மாட்டலாம். தராசின் முத்திரைச் சான்றிதழை மறைக்காத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.