யிர்காசெஃபில் மல்லிகை எங்கே?

வணக்கம். என் மைத்துனர் எத்தியோப்பியாவின் யிர்காசெஃப் காபித்தூள் கொடுத்தார். பாக்கெட்டில் மல்லிகை, எலுமிச்சை, பெர்கமாட் என்று போட்டிருக்கிறது. ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கிப் பால் விட்டால் ஒரே புளிப்பு. பால் விடாமல் குடித்தால் லெமன் டீ போல இருக்கிறது. மல்லிகையைக் காணோம். என் நாக்கில் கோளாறா, இல்லை இதெல்லாம் சும்மா கதையா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

நாக்கில் கோளாறே இல்லை. பெர்கமாட் என்பது ஏர்ல் கிரே டீக்கு வாசனை தரும் எலுமிச்சை இனப் பழம். 'லெமன் டீ போல' என்று எழுதும்போதே பாக்கெட்டில் உள்ளதைப் பாதி சொல்லிவிட்டீர்கள். அதில் யாரும் எசென்ஸ் கலக்கவில்லை. மல்லிகையிலும் பெர்கமாட்டிலும் உள்ள லினலூல் என்ற மணப்பொருள் காபியிலும் உண்டு. ஆனால் அரைத்த தூளில் முதலில் பறந்துபோவது இந்த மாதிரி மணங்கள்தான். அடுத்த முறை கொட்டையாக வாங்கி, போடும்போது அரையுங்கள்.

புளிப்புக்கு வருவோம். யிர்காசெஃபில் காபி விளைவது பெரும்பாலும் 1,700 மீட்டருக்கு மேலே. குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கும், அதனால் புளிப்பும் தூக்கலாக இருக்கும். எலுமிச்சை, மல்லிகை என்று போட்டிருப்பதால் உங்களுடையது சதை நீக்கிக் கழுவிக் காயவைத்த ரகமாகத்தான் இருக்கும் (நம் காபிக் கடைகளில் பிளாண்டேஷன் என்று விற்பதும் கழுவியதுதான்). பழத்தோடு காயவைத்திருந்தால் பெர்ரி வாசனை தூக்கும். வறுவலும் இளவறுவல். கருக வறுத்தால் அமிலம் குறைந்து கசப்பு ஏறும், அப்புறம் எந்த ஊர்க் காபியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாலையும் சர்க்கரையையும் தாங்குவதற்கு அந்தக் கசப்பு வேண்டும். இதில் அது இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். கொஞ்சம் கொரகொரப்பான தூள் 15 கிராம், கொதித்து இறக்கி அரை நிமிடம் விட்ட தண்ணீர் 250 மில்லி. 4 நிமிடம் ஊறட்டும். மேலே கட்டிய தூளைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். மல்லிகை இருந்தால் அங்கேதான் இருக்கும். வடிகட்டி, சத்தம் வர உறிஞ்சிக் குடியுங்கள் (வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை). காற்றோடு சேர்ந்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பாதியை ஆறவிட்டுக் குடியுங்கள். சூட்டில் வெறும் புளிப்பாக இருந்தது, வெதுவெதுப்பில் இனிப்போடு வரும்.

அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலைக் காபிக்கு நானும் பீபெரியும் சிக்கரியும்தான் போடுகிறேன்.