ஐசியுவில் குழாய் வழி உணவு: அப்பாவைப் பட்டினி போடுகிறார்களா?

கேள்வி: நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். 64 வயதான என் அப்பா நிமோனியா முற்றி, சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். இன்று நான்காம் நாள். எடை 60 கிலோ இருக்கும். மூக்குக் குழாய் வழியாக மணிக்கு 20 மில்லிதான் ஃபீட் (திரவ உணவு) போகிறது. நேற்று அதையும் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள்; வயிற்றில் 250 மில்லி தேங்கியிருந்ததாம். அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துவந்தால் வாங்க மறுக்கிறார்கள். கேட்டால் ‘கைட்லைன்’ என்கிறார்கள். பட்டினி போடுவதும் வைத்தியமா?

பதில்: முதல் மூன்று நாள் குறைவாகக் கொடுத்தது வைத்தியம்தான். ஆனால் அந்த ஆறு மணி நேர நிறுத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

கடும் நோயில் உடம்பு ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்தையும் தசையையும் கரைத்துத் தானே சர்க்கரை தயாரிக்கிறது. நாம் எவ்வளவு ஊட்டினாலும் அது நிற்பதில்லை. அந்த நேரத்தில் முழு அளவு கலோரியையும் கொட்டினால் ரத்தச் சர்க்கரைதான் எகிறும். பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து அதிக அளவில் ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தமும் குறைந்திருக்கும். அப்போது நிறைய ஊட்டினால் குடலே பாதிக்கப்படலாம். பிரான்ஸில் இத்தகைய நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், தொடக்கத்திலேயே குழாய் வழியாக முழு அளவு கொடுத்தவர்களுக்கு, ரத்தநாளம் வழியாக ஊட்டம் பெற்றவர்களைவிட வாந்தி, பேதி, குடல் ரத்த ஓட்டக் குறைவு ஆகியவை கூடுதலாக இருந்தன. அதற்காக ஒன்றுமே கொடுக்காமல் விடுவதும் தவறு. குடலின் உட்சுவர் உணவு படாவிட்டால் நலிந்துவிடும். அதனால்தான் நிலைமை ஓரளவு சீரானதும், 48 மணி நேரத்துக்குள் சிறிய அளவில் தொடங்கச் சொல்கிறார்கள்.

இனி கணக்கு. ஒரு மில்லிக்கு ஒரு கலோரி தரும் வழக்கமான ஃபீட் என்றால், மணிக்கு 20 மில்லி வீதம் ஒரு நாளைக்கு 480 கலோரி. அமெரிக்க வழிகாட்டுதலின் 2022 திருத்தம் முதல் 7 முதல் 10 நாட்களுக்குக் கிலோவுக்கு 12 முதல் 25 கலோரி வரை என்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது 720 முதல் 1500. ஐரோப்பிய வழிகாட்டுதலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு முழுத் தேவையை நோக்கி ஏற்றச் சொல்கிறது. ஆகவே பி.பி. மருந்து குறைந்துவந்தால், இன்று முதல் அளவு படிப்படியாக ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தேங்கிய 250 மில்லிக்கு வருவோம். சிரிஞ்சில் இழுத்துப் பார்த்து 200ஐத் தாண்டினாலே நிறுத்துவது பழைய பழக்கம்; பல இடங்களில் இன்னும் தொடர்கிறது. இப்போதைய வழிகாட்டுதல்களின்படி வாந்தி, வயிற்று உப்புசம் போன்ற வேறு அறிகுறி இல்லாவிட்டால் 500 மில்லிக்குக் கீழே தேங்கியதற்காக மட்டும் நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேனுக்காக, ட்ரெஸ்ஸிங்குக்காக, குளிப்பாட்டுவதற்காக என்று ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் திரும்பத் தொடங்கத் தாமதமாகிறது. ஐசியு நோயாளிகளுக்குச் சேர வேண்டிய உணவு இப்படித்தான் பெருமளவு வீணாகிறது, இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். அதனால் டூட்டி டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ தினமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “நேற்று எழுதிய அளவு எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு?” குறை சொல்லும் குரலில் வேண்டாம். தெரிந்துகொள்ளும் அக்கறையோடு கேட்டால் பெரும்பாலும் சார்ட்டை எடுத்தே காட்டுவார்கள்.

கஞ்சி விஷயத்தில் மருத்துவமனை பக்கம்தான் நான். சேலத்தில் காய்ச்சல் வந்தாலே ஜவ்வரிசிக் கஞ்சி என்று வளர்ந்தவர்கள் நாம், அம்மாவின் தவிப்பு புரிகிறது. ஆனால் ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து, அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். ராகியே ஆனாலும் குழாயில் அடைக்காமல் இறங்க வேண்டுமென்றால் 200 மில்லிக்கு 20 கிராம் மாவுதான் போடலாம். அதில் கிடைக்கும் புரதம் சுமார் ஒன்றரை கிராம். உங்கள் அப்பாவுக்கு ஒரு நாளைக்குத் தேவையோ கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 72 கிராம். தவிர, வீட்டிலிருந்து மலையிறங்கி வருவதற்குள் கஞ்சியில் கிருமி பெருகிவிடும். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் அரைத்த, காய்ச்சிய உணவைவிடத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட ஃபீடையே பரிந்துரைக்கிறது. இளநீரும் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இதயத்துக்கே ஆபத்து.

பார்க்கப் போகும்போது கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மூக்கருகே பிளாஸ்டர் கழன்றிருந்தாலோ குழாய் வெளியே வந்ததுபோல் தெரிந்தாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நீங்கள் தள்ளிவிடாதீர்கள், அதன் வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். இடம் மாறிய குழாய் நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. ஆஸ்பத்திரிக்கு வரும் முன் அப்பா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையா? சமீபத்தில் உடம்பு இளைத்ததா? தினமும் மது அருந்துபவரா? அப்படியென்றால் உணவு ஏறும் வேகத்தில் ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, இன்னும் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.