கையால் போட வேண்டுமா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். முதுகலை இயற்பியல் படிக்கிறேன். ஹீலியத்தின் எலக்ட்ரான் விலக்கல் தொகையீட்டை, அதாவது அதன் இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றலின் கணக்கை, புது நத்தம் சாலை நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போட்டேன். விடை 5/8. மடிக்கணினி இதை நொடியில் தருகிறது. பிறகு எதற்கு இந்தக் கைவேலை?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பக்கங்கள் நீண்டதற்குக் காரணம், கோணங்களைக் கடைசிவரை சுமந்து சென்றதாகத்தான் இருக்கும். முதலிலேயே இறக்கிவிடுங்கள். ஓர் எலக்ட்ரானை ஓரிடத்தில் நிறுத்துங்கள். மற்றதன் மின்னூட்ட மேகத்தில் அந்த இடத்துக்கு உள்ளே இருக்கும் பங்கு, அணுக்கருவில் குவிந்திருப்பதுபோல் செயல்படும். வெளியே உள்ள ஓடுகள் விசை எதுவும் தராமல், மாறாத மின்னழுத்தத்தை மட்டும் கூட்டும். பள்ளியில் படித்த காஸ் விதிதான். எஞ்சும் ஆரத் தொகையீடு அரைப் பக்கம்.

5/8ஐ அணு எண் 2ஆல் பெருக்கினால் 1.25 அணு அலகு (அணுக் கணக்குகளில் ஆற்றலை அளக்கும் அலகு). விலக்கல் இல்லாத மதிப்பான −4உடன் சேர்த்தால் −2.75. உண்மை மதிப்பு −2.9037. கணினி 1.25 என்று மட்டும் சொல்லியிருந்தால் இங்கேயே நின்றிருப்பீர்கள். கையால் போட்டதால் விலக்கல் அணு எண்ணுக்கு நேர்விகிதம் என்று தெரிகிறது. எலக்ட்ரான்களின் பரவலைச் சொல்லும் அலைச்சார்பில் அணு எண் இருக்கும் இடத்தில் ஒரு மாறியை வைத்துச் சிறுமம் காணுங்கள். மாறி 27/16, ஆற்றல் −2.8477.

ஓர் எலக்ட்ரான் மற்றதன் சராசரியை மட்டுமே உணர்கிறது என்று கொண்டால் −2.8617க்குக் கீழே இறங்கவே முடியாது. உண்மை மதிப்புக்கு மிச்சமுள்ள 0.042 அணு அலகு, அதாவது 1.1 எலக்ட்ரான் வோல்ட்தான் ஒட்டுறவு ஆற்றல். 1929இல் நார்வே இயற்பியலாளர் ஹில்லெராஸ் எலக்ட்ரான்களுக்கு இடையேயுள்ள தூரத்தையே ஓர் ஆயமாக எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் ஆரங்களின் கூடுதலும் வித்தியாசமும். இப்படி மாற்றியதும் கன அளவுக் கூறில் அந்தத் தூரம் ஒரு காரணியாக வந்து நிற்கிறது. விலக்கல் கோவையில் வகுக்கும் இடத்தில் இருக்கும் தூரம் அதோடு அடிபட்டுப்போகிறது. தொகையீடுகளெல்லாம் காரணீயப் பெருக்கங்களாக முடிகின்றன. அணு இயற்பியலில் இதைவிட அழகாக எதுவும் அடிபட்டு நான் பார்த்ததில்லை. மூன்றே மாறிகளில் −2.9024 கிடைத்தது, மின்னணுக் கணினி பிறக்கும் முன்பே!

கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்ட ஹைட்ரஜன் எதிர் அயனியில் இந்த ஒட்டுறவு வாழ்வா சாவா என்ற கேள்வி. சராசரி முறை −0.4879 தருகிறது. தனி ஹைட்ரஜன் அணுவுக்கே −0.5 என்பதால், அந்தக் கணக்குப்படி இந்த அயனி நிலைக்கவே கூடாது. ஆனால் மதுரையில் சித்திரை வெயிலாக நம்மைக் காய்ச்சும் ஒளியில் பெரும்பங்கு, சூரியனின் ஒளிக்கோளத்தில் இந்த அயனி உருவாகும்போது வெளிப்படுவதுதான். 1944இல் வானியற்பியலாளர் சந்திரசேகர் எடுத்துக்கொண்ட எளிய அலைச்சார்பில், இரண்டு எலக்ட்ரான்களுக்கும் வெவ்வேறு அடுக்குக்குறிகள். ஆற்றல் −0.5133க்கு இறங்கியது, அயனி பிணைந்துவிட்டது. அதற்குத் தேவையான தொகையீடுகள் நீங்கள் போட்ட அதே வகைதான்.

அடுத்து அதைப் போடுங்கள். எலக்ட்ரான்கள் இடம் மாறுவதைக் கணக்கிடும் பரிமாற்றத் தொகையீடு ஒன்று கூடுதலாக வரும். விடையை மடிக்கணினியில் சரிபாருங்கள், அது அந்த வேலைக்கு மிக நல்லது. லித்தியத்துக்கு மட்டும் உடனே தாவ வேண்டாம். மூன்று எலக்ட்ரான்களின் இடைத்தூரங்களும் ஒன்றாக வரும் தொகையீட்டுக்கு ஃப்ரோம், ஹில் இருவரும் 1987இல்தான் பொதுச் சூத்திரம் கண்டார்கள். அந்தக் கட்டுரையைத் திறக்கும் முன் இரண்டு எலக்ட்ரான்களில் கை நன்றாகப் பழகட்டும்.