பயிற்சியில் பறக்கிற பிள்ளை போட்டியில் ஏன் தடுமாறுகிறாள்? பெற்றோர் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் உள்ளது இது: மகளுக்கு 13 வயது, 100, 200 மீட்டர் ஓடுகிறாள். பள்ளித் திடலில் அவளை யாரும் பிடிக்க முடியாது. மாவட்டப் போட்டி என்றால் மட்டும் முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடுகிறது, காலையில் வாந்தி. போன முறை துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடிவிட்டதால் வெளியே அனுப்பிவிட்டார்கள். மனசைத் திடப்படுத்த வழி இருக்கிறதா, இல்லை ஓட்டத்தையே விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து (எஸ்டேட்) திடலில் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தருகிறேன். பகலில் செம்பனை ஆலையில் வேலை. உங்கள் மகளைப் போல ஓரிருவர் என்னிடம் எப்போதும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்த அளவில் சொல்கிறேன்: இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மனசில் ஒரு குறையும் கிடையாது. போட்டி நாள் என்பது அவர்களுக்குப் பழக்கமே இல்லாத நாள், அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் திடலையே எடுத்துக்கொள்ளுங்கள். புல் தரை, ஒரு பக்கம் சரிவு. சுண்ணாம்புக் கோடு பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது மட்டும்தான் போடுவார்கள். பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுவார்கள். கூட ஓடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை, விசில் ஊதுவது நான். இங்கே இரண்டு வருஷம் ஓடிய பிள்ளையைக் கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ கூட்டிப்போனால் என்ன ஆகும்? சிவப்பு ரப்பர் ஓடுதளம். ஒலிபெருக்கியில் மலாயில் நம்பர் நம்பராகக் கூப்பிடுகிறார்கள். ஒரே நிற டிராக் சூட், ஸ்பைக்ஸ் சப்பாத்து (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டுக்கொண்டு டவுன் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளை தன் சப்பாத்தைப் பார்க்கும், அவர்கள் சப்பாத்தைப் பார்க்கும். பாதிப் போட்டி அங்கேயே முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு என்று சொன்ன ஓட்டம் பதினொன்றுக்குத்தான் நடக்கும். ஓடுபவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் இடத்துக்குள் பயிற்றுநரை விடமாட்டார்கள். அங்கே அவள் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருப்பாள்.

ஓட்டம் பதினாலு விநாடி. நாம் பழக்கியது அந்தப் பதினாலு விநாடியை. அதற்கு முன்னால் உள்ள நாலு மணி நேரத்தை யாருமே பழக்குவதில்லை.

அதனால் நான் அந்த நாலு மணி நேரத்தைப் பழக்குகிறேன். எங்கள் பிள்ளைகள் இதற்கு வைத்த பெயர் பொய்ப்போட்டி. அன்றைக்கு நம்பர் எழுதிய துணியைச் சட்டையில் ஊக்கு வைத்துக் குத்திக்கொள்ள வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும். போட்டி நாளில் கவனித்துப் பாருங்கள், பல பிள்ளைகளுக்கு விரல் நடுங்கி ஊக்கு மாட்டவே வராது. ஒருத்தி குத்திக்கொண்டு ரத்தம் வந்ததும் அழுதுவிட்டாள். ஓடவே இல்லை, அதற்குள் அழுகை. நாலு மூலையிலும் எப்படிக் குத்துவது, நம்பர் சுருங்காமல் எப்படி இழுத்துப் பிடிப்பது என்று கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டால், அந்தக் காலையில் அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றாவது இருக்கும். அப்புறம் மரத்தடி பெஞ்சில் வரிசையாக உட்கார வைப்பேன். எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன். சில நாள் கூப்பிடுவேன், உடனே 'இன்னும் நேரமாகும், உட்கார்' என்பேன். பெரிய பையன்கள் சுற்றி நின்று கத்துவார்கள், தகரத்தைத் தட்டுவார்கள். ஒருவன் போட்டியில் சொல்வதுபோலவே 'கெ காரிசான்… செடியா…' (கோட்டுக்கு வா… தயார்…) என்பான். இன்னொருவன் இரண்டு பலகையைச் சேர்த்து அடிப்பான். காதைப் பிளக்கும். துப்பாக்கிக்கு அது போதும்.

முன்கூட்டியே ஓடிவிடும் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து. 'செடியா'வுக்கும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். முன்னால் பாய்கிற பிள்ளை பெரும்பாலும் சத்தத்தைக் கேட்டு ஓடுவதில்லை, ஊகித்து ஓடுகிறது. ஊகித்தால் பலன் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். 2010 முதல் உலகத் தடகள விதிப்படி ஒரு தப்பு போதும், வெளியே போக வேண்டியதுதான். உங்கள் மகள் வெட்கப்பட்டால் அவளிடம் இதைச் சொல்லுங்கள்: 2011இல் தென் கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் உசேன் போல்ட்டே இப்படி முன்னால் பாய்ந்து வெளியேறினார். உலக சாதனை வைத்திருந்த மனுஷன்! அதே வாரக் கடைசியில் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். என் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

வாந்தியைப் பற்றி. பயம் வந்தால் உடம்பு ரத்தத்தை வயிற்றிலிருந்து கை கால் தசைகளுக்கு அனுப்பும். அந்த நேரத்தில் வயிற்றில் சாப்பாடு கிடந்தால் புரட்டும். விடிகாலையில் அம்மா ஆசையாக ஊட்டிவிட்ட காரச் சம்பால் போட்ட நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) அங்கே எதிரி. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே லேசாக, எண்ணெய் இல்லாமல் ரொட்டி, வாழைப்பழம் என்று முடித்துவிடுங்கள். பிறகு தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். அதையும் முதல் தடவையாகப் போட்டியன்று செய்யாதீர்கள், பொய்ப்போட்டி நாளில் செய்து பாருங்கள். இதெல்லாம் செய்தும் மற்ற நாட்களிலும் வாந்தி வந்தால் அது பயம் என்று நீங்களே முடிவு கட்டாமல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

மூச்சுக்கு ஒரே ஒரு உத்தி போதும். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறோ ஏழோ எண்ணும்வரை மெதுவாக விடுவது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றே குறையும். அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். 'நல்லா இழுத்து மூச்சு விடு' என்று சொல்லும் பெரியவர்கள் இழுப்பதைத்தான் பெரிதாகச் செய்து காட்டுவார்கள். பிள்ளையும் படபடவென்று இழுத்துத் தலை சுற்றி நிற்கும்.

'பயப்படாதே' என்ற வார்த்தையை வீட்டில் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். படபடக்கும் நெஞ்சை யாராலும் உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. நிறுத்த முடியவில்லையே என்று பிள்ளை இன்னும் பயப்படும். 2014இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு ஆகியவற்றுக்கு முன்னால் பதற்றத்தை அடக்கப் பார்த்தவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஓட்டத்தை அவர் சோதிக்கவில்லை, ஆனால் திடலில் நான் பார்ப்பதும் இதுதான். 'நெஞ்சு அடிக்குது கோச்' என்று வந்தால், 'நல்லது, இன்ஜின் சூடாகுது' என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள்.

கோட்டில் நிற்கும்போது நினைக்க ஒரு சொல் கொடுங்கள். ஒன்றுதான். என்னிடம் உள்ள ஒரு பெண்ணுக்கு 'முதல் பத்து அடி'. இன்னொருவனுக்கு 'கை'. 'ஜெயிக்கணும்' என்பதை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. கையை வீசலாம், பத்து அடி தள்ளலாம். தெரிந்த அசைவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துச் சரிபார்க்க ஆரம்பித்தாலும் உடம்பு இறுகிவிடும். அதனால் அறிவுரை மூட்டையைப் போட்டியன்று அவிழ்க்காதீர்கள். அதற்குப் பயிற்சி நாட்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்னது சுலபம். இனிமேல் கொஞ்சம் கோபம் வரலாம்.

தோட்டத்தில் ஒரு பிள்ளை நன்றாக ஓடினால் அது அந்த வீட்டுப் பிள்ளையாக மட்டும் இருக்காது. ஒட்டுக்கடையில் தே தாரே (இழுத்து ஆற்றிய டீ) குடிக்கிறவர்கூட 'நம்ம தோட்டத்து மானத்தைக் காப்பாத்தணும்மா' என்பார். பாசத்தில்தான் சொல்கிறார்கள். பதின்மூன்று வயசுத் தோளில் அது எவ்வளவு கனம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைவிடக் கனமானது, அப்பா சொல்லும் 'ஓவர்டைம் பார்த்து முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன்'. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டமும் கடன் அடைக்கும் ஓட்டம்தான். சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், விலையைச் சொல்லாதீர்கள். தோற்ற பிள்ளையைக் கூடாரத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் ஏசும் அப்பாக்களையும் ஆசிரியர்களையும் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ஏசினால் ரோஷம் வரும் என்கிறார்கள். வருவது ரோஷம் இல்லை. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைக்குப் போட்டியன்று வயிற்றுவலி வரும், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மோட்டாரிலோ காரிலோ முதல் வாக்கியம் என்ன என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததில் சிறந்தது 'என்ன சாப்பிடுறே?'. ஓட்டத்தைப் பற்றி அவளாகப் பேசினால் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் போகட்டும். ஜெயித்த அன்றும் இதே வாக்கியம்தான். அது மாறினால், பாசம் எதற்குக் கிடைக்கிறது என்பதைப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும்.

கோயில் விஷயம் பலர் கேட்பது. காலையில் முனீஸ்வரனைக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போகட்டும், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் செய்யும் ஒரு காரியம் மனசுக்குப் பிடிமானம். ஆனால் தோற்றுவிட்டு வந்த பிள்ளையிடம் 'நேத்து கும்பிடாமல் போனதால்தான்' என்று சொல்லும் பாட்டியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

உங்கள் மகளுக்கு 13 வயது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வயதில் உடம்பு மாறும். சில பெண் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் நேரம் குறையவே குறையாது, சமயத்தில் கூடவும் செய்யும். யாரும் விளக்கிச் சொல்லாததால், தனக்குத் திறமை போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். மாதவிலக்கு, அந்த நாட்களில் என்ன உடுத்துவது, வலித்தால் யாரிடம் சொல்வது, இதையெல்லாம் என்னைப் போன்ற ஆம்பிளைப் பயிற்றுநரிடம் அவள் பேசமாட்டாள். நீங்களோ பள்ளியில் ஒரு டீச்சரோ பேச வேண்டும். வாந்திக்குக் காரணம் ஓட்டமாக இல்லாமல் வெள்ளை நிறக் கால்சட்டையாகவும் இருக்கலாம்.

மனசுக்கு உதவி கேட்பது என்றாலே 'என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா' என்று கேட்கும் ஊர் நம் ஊர். எட்டு முறை உலக ஸ்குவாஷ் பட்டம் வென்ற நம் நாட்டு நிகோல் டேவிட், ஆம்ஸ்டர்டாமில் பயிற்சி எடுத்த காலத்தில் விளையாட்டு உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தவர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தவருக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்திலும் விளையாட்டாளர்களுக்காக உளவியல் பிரிவு இருக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் எட்டாது, சரி. உங்கள் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார், அங்கிருந்து தொடங்கலாம்.

போட்டிப் பயம் போட்டியோடு வந்து போட்டியோடு போய்விடும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்தவர்களிடமும் பேசுவதில்லை, 'நான் இருந்து என்ன' என்பது போன்ற பேச்சு வருகிறது என்றால் அது வேறு. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் அழைக்கலாம். அதேபோல, போட்டிக்கு இல்லாமல் பயிற்சிக்குப் போகவே நடுங்கினால், பயிற்றுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்று விசாரியுங்கள். எந்தப் பயிற்றுநராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும்.

விட்டுவிடச் சொல்லலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அதை நீங்கள் சொல்ல வேண்டாம், போட்டி முடிந்த அன்று கேட்கவும் வேண்டாம். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் 'விட்டுடுறேன்' என்றுதான் சொல்லும். ஒன்றும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேளுங்கள்: ஓட்டம் பிடிக்குதா, போட்டி பிடிக்கலையா, ரெண்டுமே பிடிக்கலையா? போட்டி மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த வருஷம் தொடர் ஓட்டத்தில் மட்டும் சேர்த்துவிடச் சொல்லிப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். நாலு பேரோடு சேர்ந்து நிற்கும்போது பல பிள்ளைகளுக்குக் கை நடுக்கம் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். ரெண்டுமே பிடிக்கவில்லை என்றால் நிறுத்தட்டும். சப்பாத்து அளவு சரியாக இருந்தால் திடலில் யாருக்காவது கொடுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.