மெய்யியல் படிக்க நிற்கும் மகள்: ஒரு தாயாருக்குப் பதில்

அம்மா, அன்றைக்கு நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "எங்கட ஒழுங்கையில ஒரு பெடியன் மெய்யியல் படிச்சவன். நாலு வருசமா வீட்டில இருக்கிறான். இவளும் அதைத்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள்."

ஏ.எல்.லில் (உயர்தரத்தில்) அளவையியல், அதாவது லொஜிக், எடுத்திருக்கும் மகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். கடல் கொந்தளித்தால் நம் திருகோணமலைத் திருக்கடலூரில் வள்ளம் இறங்காது. இன்றைக்கு வள்ளம் இறங்கவில்லை. ஆகவே கடல் கொந்தளிக்கிறது என்று முடிவு கட்டலாமா? டீசல் இல்லாமல் இருக்கலாம், கோயில் திருவிழாவாக இருக்கலாம். லொஜிக் வாத்தியார் இதைப் 'போலி', அதாவது பிழையான நியாயம், என்று ஒதுக்கிவிடுவார். அந்தப் பெடியனின் கதையும் அதுதான்: வேலை இல்லாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். அவனுக்கு இங்கிலிஷ் ஓடுமா, அரசாங்க வேலை தவிர வேறெதற்காவது விண்ணப்பித்தானா என்று கேட்டேன். இரண்டுக்கும் "இல்லை" என்றீர்கள்.

அதற்காக உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல வரவில்லை. 2017இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் நாள்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பார்த்த ஊர் இது. 2020இல் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்து மாதம் 20,000 ரூபாய் கொடுத்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் ஆள் எடுப்பதில் கையை இறுக்கிவிட்டது. ஆனால் இந்த அடி கலைப் பட்டதாரிகள் எல்லோருக்கும் விழுந்த அடி. புவியியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் அதே வரிசையில்தான் நின்றார்கள். மெய்யியலை விட்டு வேறு கலைப் பாடம் எடுப்பதால் அந்த வரிசை குறையாது.

இன்னொன்று, பல பெற்றோர் இதில் குழம்புகிறார்கள். பல்கலைக்கழகக் கையேட்டைப் பார்த்து விண்ணப்பிக்கும்போது பிள்ளை 'கலை' என்றுதான் போடுகிறாள். பாடங்களை உள்ளே போன பிறகுதான் தெரிவு செய்வாள். முதல் வருடம் சில பாடங்களைச் சேர்த்துப் படித்து, புள்ளி நன்றாக வந்தால்தான் ஒன்றில் நாலு வருடச் சிறப்புப் பட்டம். ஆக, இன்றைக்கே வீட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஊரோடு இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள் போல. நிலாவெளிப் பக்கம் உள்ள நம் வளாகம் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகமும், சித்த மருத்துவம் என்று போகிறது. மெய்யியலுக்கென்று தனித் துறை வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் அல்லது பேராதனை. எப்படியும் விடுதி வாழ்க்கைதான்.

"கோயில்ல பிரசங்கம் செய்யிற படிப்பா?" என்றும் கேட்டீர்கள். இல்லை, ஆனால் கோணேசர் கோயிலடியில் வளர்ந்த பிள்ளைக்கு அது அந்நியமும் இல்லை. சைவசித்தாந்தம் பானையைக் காட்டித்தான் இறைவனை நிறுவுகிறது: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். பானைக்குக் குயவன் வேண்டும் என்றால் உலகத்துக்கும் ஒருவன் வேண்டாமா? கோயிலில் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவோம். மெய்யியல் வகுப்பில் அடுத்த கேள்வி வரும். குயவன் பானை செய்வதைக் கண்டிருக்கிறோம், உலகம் ஒன்று செய்யப்படுவதை யார் கண்டது? 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் எழுப்பிய ஆட்சேபத்தின் சாரம் இது. அதற்குச் சித்தாந்தி என்ன பதில் சொல்வார் என்று பிள்ளை இரண்டு பக்கம் எழுதவேண்டும். பக்தி குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். குறைந்தவர்களையும் கூடினவர்களையும் கண்டிருக்கிறேன்.

சரி, சோறு? இலங்கை நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் செல்லும். அங்கே நுண்ணறிவு வினாத்தாள் இருக்கிறது, லொஜிக் பழகின பிள்ளைக்கு அது வேப்பங்காய் அல்ல. பாடசாலைகளில் அளவையியல் கற்பிக்கலாம், ஆனால் அந்த வெற்றிடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; அதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பட்டமே தேவையில்லை, ஏ.எல். தகைமையோடு எழுதலாம். வாதாட ஆசை இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் பிள்ளை எழுதும் கையைப் பார்த்துத்தான் எடுக்கும், பாடத்தின் பெயரைப் பார்த்து அல்ல.

ஆசை உண்மையானதா என்று அறிய எனக்கு ஒரு வழி உண்டு. மகளின் லொஜிக் கொப்பியை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். ரியூசன் குறிப்பு மட்டும் இருந்தால், சிநேகிதிகளோடு சேர்ந்து வந்த ஆசையாக இருக்கலாம். ஓரத்தில் அவளுடைய சொந்தக் கேள்வி, வெட்டித் திருத்தின விடை என்று கிறுக்கல் இருந்தால் மறிக்காதீர்கள்.

நான் கேட்கும் விலை ஒன்றுதான்: மொழி. ஏ.எல். எழுதி முடித்து கம்பஸ் தொடங்க ஒரு வருடம்கூட ஆகிவிடுகிறது. அந்தக் காலத்தில் தையல் வகுப்பு, கேக் வகுப்பு என்று அலைக்கழிக்காமல் இங்கிலிஷையும் பேச்சுச் சிங்களத்தையும் பிடிக்கச் சொல்லுங்கள். மெய்யியல் நூல்களில் பெரும்பாலானவை தமிழில் கிடைக்காது. இங்கிலிஷ் இல்லாவிட்டால் நாலு வருடமும் விரிவுரைக் குறிப்போடு முடிந்துவிடும். அடுத்த முறை வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கொப்பியோடு.