பூடிக்காவின் சிலைகள் அவருடைய உண்மையான தோற்றத்தைக் காட்டுகின்றனவா?

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே தேரில் நிற்பது பண்டைய பிரிட்டனின் ஐசீனி குல அரசி பூடிக்காவின் மெய்யுருவம் அன்று. கி.பி. 60-61இல் ரோமானியரை எதிர்த்தெழுந்த அவருக்கு, அவர் காலத்துச் சிற்பம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவின் வருணனையே கலைஞர்களுக்கு ஆதாரம்: நெடிய உடல், இடுப்புவரை புரளும் செம்பழுப்புக் கூந்தல், கழுத்தில் கனத்த பொன் வளையம், பலவண்ண அங்கி, கையில் ஈட்டி.

தாமஸ் தோர்னிகிராஃப்ட் வடித்து, அவர் மறைந்தபின் 1902இல் நிறுவப்பட்ட அந்த வெண்கலச் சிலையின் தேர்ச்சக்கரங்களில் அரிவாள்கள் நீண்டிருக்கின்றன; பிரிட்டனில் அகழ்ந்தெடுத்த தேர்கள் எதிலும் அவை இல்லை. பாயும் குதிரைகளுக்குக் கடிவாள வாரும் கிடையாது.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மன்றத்தில் 1916இல் திறக்கப்பட்ட பளிங்குச் சிலையில், ரோமானியரின் வன்கொடுமைக்கு ஆளான இரு மகள்களையும் அவர் அணைத்து நிற்கிறார். எனக்கு அதுவே வரலாற்றுக்கு நெருக்கமாகப் படுகிறது.